கூடையும் கூண்டும்

எங்கள் ஊர் நடுவர் நீதிமன்றத்தில் மாதக் கடைசி நெருங்கினால் எஸ்.டி.சி. (சுருக்கமுறை விசாரணை வழக்கு) கட்டு கனத்துவிடும். பொது இடத்தில் புகை பிடித்தவர், குடித்துவிட்டுச் சத்தம் போட்டவர், ரோட்டோரம் வண்டி போட்டு வியாபாரம் செய்தவர் என்று எல்லாம் சின்ன வழக்குகள். பெஞ்ச் கிளார்க் பெயரை வாசிப்பார். ஆள் கைகட்டி நிற்பார். "ஒத்துக்கிறியா?" "ஒத்துக்கிறேனுங்க." அபராதம், ரசீது, அடுத்த பெயர். இவர்கள் யாரும் வக்கீல் வைத்துக்கொள்வதில்லை. அபராதத்தைவிட வக்கீல் பீஸ் அதிகம். வழக்கை நடத்தினால் நாலு வாய்தாவுக்கு வியாபாரத்தை விட்டுவிட்டு வரவேண்டும். அதனால் செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொண்டு போய்விடுவார்கள்.

மில்களை நம்பி வளர்ந்த மேற்கு மாவட்டத்து ஊர் எங்களுடையது. பஞ்சாலை, சாயப்பட்டறை, கட்டட வேலை என்று வடமாநிலத் தொழிலாளர்கள் வந்து குவிந்தபோது, அவர்களுக்குப் பின்னாலேயே அவர்களுக்குச் சமோசாவும் பானிபூரியும் விற்கிறவர்களும் வந்தார்கள். அப்படி வந்த ஒருவருடைய பெயர் அந்த எஸ்.டி.சி. கட்டில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. வடக்கு பீகார்க்காரர். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருமுனையில் பானிபூரி வண்டி. ஒவ்வொரு முறையும் இந்திய தண்டனைச் சட்டம் பிரிவு 283தான், பொதுவழியில் இடையூறு. அன்று அந்தப் பிரிவுக்கு அதிகபட்ச அபராதம் 200 ரூபாய். பாரதிய நியாய சன்ஹிதா வந்தபின் அதே குற்றம் பிரிவு 285 ஆகி, அபராதம் 5,000 ரூபாய் வரை போகலாம் என்று ஆகியிருக்கிறது.

கொரோனாவுக்கு முந்தைய ஆண்டு அவர் என் அலுவலகத்துக்கு வந்தார். தனியாக வரவில்லை. அவர் வண்டிக்குப் பக்கத்தில் பூ விற்கும் அம்மா கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இந்த முறை அபராதத்தோடு விடாமல் வண்டியையே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து மனு கொடுத்திருந்தார்கள். வெளிமாநிலத்து ஆட்களால் தெருவில் நடக்க முடியவில்லை என்று மனுவில் இருந்தது.

"ஃபைன் கட்டறேன் சார். வண்டி மட்டும் குடுக்கச் சொல்லுங்க" என்றார் அவர். எட்டு வருடத் தமிழ். வியாபாரத்துக்கு வேண்டிய அளவு சுத்தமாக இருந்தது.

"வக்கீலய்யா, இந்தத் தம்பி எம்பக்கத்துலயே நிக்கறானுங்க. ஒரு சண்டை சச்சரவு கிடையாதுங்க. அந்த வண்டியில்லாட்டி ஊர்ல இருக்கற அவங்கம்மாவுக்குப் பணம் போகாதுங்க" என்றார் பூக்கார அம்மா.

உரிமம் இருக்கிறதா என்று கேட்டேன். பாக்கெட்டிலிருந்து பிளாஸ்டிக் கவரில் மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். தெருவோர வியாபாரி அடையாள அட்டை கேட்டு நகராட்சிக்குக் கொடுத்த விண்ணப்பத்தின் நகல். மேலே நகராட்சியின் ரப்பர் ஸ்டாம்ப், வரவு எண், தேதி எல்லாம் தெளிவாக இருந்தன. தேதி ஒரு வருடத்துக்கும் முந்தையது. பதில் வந்ததா? வரவில்லை. நேரில் போய்க் கேட்டபோது ஆதார் பீகார் முகவரியில் இருப்பதால் முடியாது என்று வாயால் சொல்லியிருக்கிறார்கள். எழுத்தில் எதுவும் இல்லை.

அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் இந்த வழக்கை ஒப்புக்கொள்ள விடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். உரிமம் எங்கே என்று ஒரு கை கேட்கிறது. அந்த உரிமத்தை இன்னொரு கை பூட்டி வைத்திருக்கிறது. இரண்டும் அரசாங்கத்தின் கைதான். இடையில் நிற்பவனைக் குற்றவாளி என்பது நியாயமே இல்லை. இதே நிலையில் நம்மவர்கள் நூறு வருடத்துக்கு முன்னால் வேறொரு தேசத்துத் தெருக்களில் நின்றிருக்கிறார்கள். அதை எனக்குப் படிக்கக் கொடுத்தவர் என் சீனியர். அவருடைய அலமாரியில் சட்டப் புத்தகங்களுக்கு நடுவே காந்தி நூல் தொகுதிகளும் இருந்தன. சின்ன வழக்கை எப்படி நடத்துவது என்று தெரியவேண்டுமானால் 1908ஆம் ஆண்டின் கோர்ட் குறிப்புகளைப் படி என்பார்.

தென்னாப்பிரிக்காவின் அன்றைய ட்ரான்ஸ்வாலில் இந்தியர்களும் சீனர்களும் 'ஆசியர்' என்ற ஒரே பட்டியல். 1885ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டப்படி, ஒதுக்கப்பட்ட இடங்களுக்கு வெளியே அவர்கள் நிலம் வாங்க முடியாது. நடைபாதையில் நடக்கவே தடை போட்ட நகர விதிகள் இருந்தன. கடை வைக்க உரிமம் வாங்குவது பெரும்பாடு. மிச்சமிருந்தது கூடை. காலையில் மார்க்கெட்டில் காய்கறியும் பழமும் எடுத்து, ஜோகன்னஸ்பர்க்கின் வெள்ளைக்காரர் வீடுகளுக்கு வாசல் வாசலாகக் கொண்டுபோய் விற்பது. இதில் குஜராத்திகள் இருந்தார்கள், தமிழர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். வீட்டு அம்மாக்களுக்கு இவர்கள் வேண்டியிருந்தது. வெள்ளைக் கடைக்காரர்களுக்கு வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊர்க் கடைக்காரர்களின் மனுவைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தவர்கள் அவர்கள்தான்.

1907இல் ஆசியர் சட்டத் திருத்தம் வந்தது. அந்த ஆண்டின் இரண்டாம் சட்டம். வயதுவந்த ஒவ்வொரு ஆசிய ஆணும் கைரேகை கொடுத்துப் பதிவுச் சான்றிதழ் வாங்க வேண்டும். போலீஸ்காரர் எந்த நேரத்தில் கேட்டாலும் அதைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அபராதம், சிறை, நாடுகடத்தல். சான்றிதழ் இல்லாதவருக்கு வியாபார உரிமம் கிடையாது என்பதையும் அதே சட்டத்தில் எழுதி வைத்தார்கள். வக்கீலாக நான் நின்று கவனித்த இடம் அதுதான். ஒரு மனிதனைப் பணியவைக்க அவனைச் சிறையில் போடவேண்டிய அவசியமில்லை. பிழைப்புக்கான காகிதத்தை நிறுத்திவிட்டால், தெருவில் ரோந்து வரும் கான்ஸ்டபிள் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்வார்.

சட்டத்துக்குப் பணிய மறுத்தவர்கள் 1908 ஜனவரியில் கூட்டமாகச் சிறைக்குப் போகத் தொடங்கினார்கள். காந்திக்கு ஜனவரி 10ஆம் தேதி இரண்டு மாதத் தண்டனை. வக்கீலாக வாதாடிய அதே ஜோகன்னஸ்பர்க் நீதிமன்றத்தில் அவர் குற்றவாளியாக நின்றார். அவருக்குப் பின்னால் உள்ளே வந்தவர்களில் கூடைக்காரர்கள் அதிகம். உரிமம் இல்லாமல் விற்றால் போதும், போலீஸ் பிடித்துக்கொள்ளும். மாதக் கடைசிக்குள் சிறையில் நூறு பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். ட்ரான்ஸ்வால் அரசின் சார்பில் ஜெனரல் ஸ்மட்ஸ் சமரசத்துக்கு வந்தார். தாமாக முன்வந்து பதிந்துகொண்டால் சட்டம் திரும்பப் பெறப்படும் என்று நம்பி இந்தியர்கள் பதிந்தார்கள். சட்டம் திரும்பப் பெறப்படவில்லை.

அந்த வருடம் ஜூலையில் கூடைகள் மறுபடியும் தெருவுக்கு வந்தன. இம்முறை தூக்கியவர்களில் பலர் கூடைக்காரர்களே இல்லை. ஹமீதியா இஸ்லாமிய சங்கத்தின் தலைவர் இமாம் அப்துல் காதிர் பாவஸீர் கூடை தூக்கினார், பிடிபட்டார், சிறை போனார். மொரீஷியஸில் பிறந்த தமிழர் தம்பி நாயுடு தூக்கினார். காந்தியின் மூத்த மகன் ஹரிலாலும் பழக்கூடையோடு போனார். ஜூலை 28ஆம் தேதி அவர் நடுவர் முன் நிறுத்தப்பட்டபோது அவருக்காக ஆஜரான வக்கீல் அவருடைய அப்பா. ஒரு பவுண்டு அபராதம் அல்லது ஏழு நாள் கடுங்காவல் என்று தீர்ப்பு. ஹரிலால் கடுங்காவலை எடுத்துக்கொண்டார். தான் வக்கீலாகப் பதிவு செய்திருப்பதால் கூடை தூக்க முடியாது, அதனால் மகனை அனுப்பினேன் என்று காந்தி 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். இளம் வக்கீலாக இருந்தபோது இதை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். கட்சிக்காரனை எந்த ஆபத்துக்குள் அனுப்புகிறோமோ அதில் நம் வீட்டுப் பங்கும் இருக்க வேண்டும் என்று நினைத்த வக்கீல் அவர்.

அந்த விசாரணைகளில் உரிமம் இருந்தது என்று காந்தி சாதிக்கவில்லை. உரிமம் இல்லை என்பதை நேராக ஒப்புக்கொண்டார். ஏன் இல்லை என்பதை நீதிமன்றப் பதிவில் ஏற்றினார். கேட்டார்கள், கைரேகை வைக்க மறுத்தார்கள், அதனால் மறுக்கப்பட்டது. இந்த மூன்றும் பதிவில் ஏறிவிட்டால் தண்டனை விழலாம், ஆனால் படிக்கிறவர் எவருக்கும் யார் பக்கம் குற்றம் என்று புரிந்துவிடும். சீனியர் எனக்குக் காட்ட விரும்பிய பாடம் இதுதான்.

வெளியிலிருந்து வந்தவருக்கு உரிமத்தை மறுக்கலாமா என்ற கேள்வியில் அமெரிக்க நீதிமன்றங்களும் அப்போது தடுமாறிக்கொண்டிருந்தன. மெய்ன் மாநில உச்ச நீதிமன்றம் 1900இல், குடியுரிமை இல்லாதவர் என்பதற்காக ஒருவருக்குத் தெரு வியாபார உரிமத்தை மறுப்பது அரசமைப்புக்கு விரோதம் என்றது. மாசசூசெட்ஸ் நீதிமன்றம் 1907இல் அதே போன்ற மறுப்பைச் செல்லும் என்றது.

ட்ரான்ஸ்வால் கதையில் மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. அதே தெருக்களில் ஆப்பிரிக்க மக்கள் இதைவிடக் கடுமையான பாஸ் சட்டத்தின் கீழ் நடந்துகொண்டிருந்தார்கள். காந்தியின் வாதம் அன்று அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களைப் பற்றி அந்நாளில் அவர் எழுதிய சில வரிகள் படிக்கவே வருத்தம் தருபவை.

கூடைக்காரர்கள் கொடுத்த விலை பெரிது. 1908 ஆகஸ்ட் 16ஆம் தேதி ஃபோர்ட்ஸ்பர்க்கின் ஹமீதியா மசூதி மைதானத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்களைக் கொப்பரையில் போட்டுக் கொளுத்தினார்கள். அடுத்த வருடம் சாமி நாகப்பன் என்ற பதினெட்டு வயதுத் தமிழ்ப் பையனைப் பத்து நாள் கடுங்காவலில் போட்டு, அந்தத் தேசத்துக் குளிர்காலத்தில் ரோடு வெட்டும் முகாமுக்கு நடத்திக் கூட்டிப்போனார்கள். வெளியே வந்தபோது நிமோனியா. 1909 ஜூலை 6ஆம் தேதி இறந்துபோனான். 1910இல் சத்தியாக்கிரகிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்து இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். சிலர் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள், சென்னையைப் பார்த்ததே இல்லை. கையில் காசில்லாமல் இறங்கியவர்களை இங்கே ஆதரித்தவர் சென்னைப் பதிப்பாளர் ஜி.ஏ. நடேசன். அவர்களும் ஒரு நகரத்துக்கு 'வெளியூர்க்காரர்கள்'தான். பர்மாவிலிருந்து விரட்டப்பட்டு வந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்குக் கூப்பிடு தூரத்தில் நடைபாதையில் கடை போட்டவர்களும் அப்படித்தான். தமிழ்நாட்டில் தெரு வியாபாரியைப் பார்த்து 'எங்கிருந்தோ வந்தவன்' என்று சொல்லும்போது இதெல்லாம் நமக்கு மறந்துவிடுகிறது.

எங்கள் வழக்குக்கு வருகிறேன்.

முதலில் வண்டி. விசாரணை முடியும்வரை பொருளை இடைக்காலமாகத் திருப்பித் தரக் கோரும் மனுவைக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 451இன் கீழ் போட்டேன். மனுவோடு இணைக்க மகஜர் நகல் வாங்கியபோது அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'பானிபூரி வண்டி - 1'. நான் ஸ்டேஷன் பின்புறம் போய்ப் பார்த்தேன். விபத்தில் நசுங்கிய டூவீலர்களுக்கு நடுவே வண்டி சாய்ந்து நின்றது. கண்ணாடிப் பெட்டியின் ஒரு பக்கம் உடைந்திருந்தது. உள்ளே நமுத்துப்போன பூரி. எவர்சில்வர் டப்பாவில் உருளைக்கிழங்கு மசாலா பூசணம் பிடித்துக் கிடந்தது. புளித்தண்ணீர்ப் பானையைச் சுற்றிக் கட்டியிருந்த சிவப்புத் துணி மட்டும் கட்டியபடியே இருந்தது. கேஸ் அடுப்பு இல்லை, சிலிண்டர் இல்லை, கல்லாப் பெட்டி இல்லை. மகஜரில் எழுதாததால் அவை இருந்ததாகவே யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டத்தில் இதற்கு வழி சொல்லப்பட்டிருக்கிறது. பொருளைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் உள்ளாட்சி அமைப்புக்கு. அதுவும் முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்து, அதற்குப் பிறகும் இடத்தைக் காலி செய்யாவிட்டால்தான். பறிமுதல் செய்த பொருளுக்குப் பட்டியல் எழுதிக் கையெழுத்திட்டு நகல் கொடுக்க வேண்டும். அழுகும் பொருளை வியாபாரி கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். மற்றவற்றை இரண்டு வேலை நாளுக்குள். உருளைக்கிழங்கு மசாலாவைப் பற்றிப் பாராளுமன்றம் யோசித்திருக்கிறது. மகஜர் எழுதியவர் யோசிக்கவில்லை.

நடுவர் வண்டியைக் கொடுக்கச் சொன்னார். உள்ளூர் ஜாமீன்தாரர் ஒருவர் வேண்டும் என்று நிபந்தனை. வெளிமாநிலத்து ஆளுக்கு இந்த இடத்தில்தான் மூச்சு முட்டும். பூக்கார அம்மா வீட்டு வரி ரசீதை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து கையெழுத்துப் போட்டார். உங்கள் பிள்ளைகள் எதுவும் சொல்ல மாட்டார்களா என்று என் குமாஸ்தா கேட்டதற்கு, "எம்பேர்ல இருக்கற வூடுங்க" என்று மட்டும் சொன்னார்.

பிறகு விசாரணை. குற்றத்தை மறுக்கிறேன் என்று என் கட்சிக்காரர் சொன்னதும் கோர்ட் ஹாலில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். 200 ரூபாய் கேஸுக்கு டிரையலா என்று அரசு வக்கீல் என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன்.

முதல் சாட்சி வழக்குப் போட்ட ஏட்டு. மரியாதையான மனிதர், பொய் சொல்லும் நோக்கமும் அவருக்கு இல்லை. மேலிருந்து எண்ணிக்கை கேட்கிறார்கள், இவர் போடுகிறார். குறுக்கு விசாரணையில் நான் அதிகம் கேட்கவில்லை.

ரோடு எத்தனை அடி அகலம்? அளக்கவில்லை. வண்டி எத்தனை அடி? அளக்கவில்லை. வரைபடம் உண்டா? இல்லை. வண்டியால் நடக்க முடியாமல் போனவர் யார்? பொதுமக்கள். ஒருவர் பெயராவது? தெரியாது. ஒருவரையாவது விசாரித்து வாக்குமூலம் வாங்கினீர்களா? இல்லை. பக்கத்து உரக்கடை மூட்டைகள் ரோட்டில் அடுக்கியிருந்தனவா? கவனிக்கவில்லை.

நான் காத்திருந்த கேள்வி கடைசியில் வந்தது. வியாபாரம் செய்ய உரிமம் இருக்கிறதா என்று எதிரியிடம் கேட்டீர்களா? கேட்டேன். என்ன சொன்னார்? இல்லை என்றார். அதனால் வழக்குப் போட்டீர்களா? ஆமாம்.

அந்த 'ஆமாம்' எனக்குப் போதும். இடையூறுதான் வழக்கு, உரிமம் இதில் சம்பந்தமில்லை என்று அரசு வக்கீல் இனி சொல்ல முடியாது. உரிமம் இல்லாததுதான் காரணம் என்று அவருடைய சாட்சியே சொல்லிவிட்டார். உரிமம் ஏன் இல்லை என்று காட்டும் வாசல் திறந்துவிட்டது.

எதிர்த்தரப்புச் சாட்சியாக நகராட்சியின் சம்பந்தப்பட்ட அலுவலரை, விண்ணப்பப் பதிவேட்டோடு வரச் சொல்லி சம்மன் கேட்டேன். இவ்வளவு சின்ன வழக்கில் அது தேவையா என்று நடுவருக்கும் தயக்கம் இருந்தது. என் வாதம் எளிமையாக இருந்தது. 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 3, கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் சான்றிதழ் கொடுக்கும்வரை எந்தத் தெருவோர வியாபாரியையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. இவர் விண்ணப்பித்திருக்கிறார். அது என்ன ஆயிற்று என்று தெரியாமல் இவரைத் தண்டிப்பது எப்படி? நடுவர் இளைஞர். கொஞ்ச நேரம் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு சம்மன் அனுப்ப உத்தரவிட்டார். அந்த உத்தரவுக்காக அவர்மீது எனக்கு இன்றும் மரியாதை இருக்கிறது.

நகராட்சி அலுவலர் பதிவேட்டோடு வந்தார். விண்ணப்பம் வந்திருக்கிறதா? வந்திருக்கிறது. நிராகரிக்கப்பட்டதா? இல்லை. ஏற்கப்பட்டதா? இல்லை. நிலுவையில் ஏன்? முகவரி வெளிமாநிலம் என்பதால் எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. சொந்த ஊர் இங்கே இருக்க வேண்டும் என்று மத்தியச் சட்டத்தின் எந்தப் பிரிவில் இருக்கிறது? பதில் இல்லை. தானோ தன் குடும்பத்தாரோதான் வியாபாரம் செய்வேன், வேறு பிழைப்பு இல்லை, சான்றிதழை வேறு யாருக்கும் கைமாற்ற மாட்டேன் என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். பிறந்த ஊர் எது என்று அது கேட்கவில்லை.

வாதத்தில் நான் சோதன் சிங் வழக்கைச் சொன்னேன். 1989இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, தெருவில் வியாபாரம் செய்வது அரசமைப்பின் 19(1)(ஜி) பிரிவு தரும் உரிமைக்குள் வரும் என்றது. நியாயமான கட்டுப்பாடு போடலாம், ஒரேயடியாக மறுக்க முடியாது. ஜோகன்னஸ்பர்க்கை வாதத்தில் சொல்லவில்லை, அது சட்டத்துக்குத் தேவைப்படவில்லை. அந்தக் கூடைக்காரர்களுக்கும் என் கட்சிக்காரருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. அவர்கள் அநியாயமான சட்டத்தைத் தெரிந்தே மீறித் தண்டனையைக் கேட்டு வாங்கினார்கள். என் கட்சிக்காரர் பக்கம் சட்டமே இருந்தது. அது அவர் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான். சிறைக்குப் போகும் துணிச்சலை அவரிடம் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை. விடுதலை வாங்கித் தரவேண்டியது என் கடமை.

வாதத்தில் சேர்க்காத இன்னொன்றும் கையில் இருந்தது. அது எனக்குத் தனிப்பட்ட தைரியத்தைக் கொடுத்தது. காந்தியும் தம்பி நாயுடுவும் அடைபட்டிருந்த ஜோகன்னஸ்பர்க் கோட்டைச் சிறை வளாகத்தில்தான் இன்று தென்னாப்பிரிக்காவின் அரசமைப்பு நீதிமன்றம் இருக்கிறது. விசாரணைக் கைதிகளை அடைத்து வைத்த கட்டடத்தை இடித்த செங்கல்லையும் சேர்த்துக் கட்டியது. 2013 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க் மாநகராட்சி நகர மையத்திலிருந்து ஆயிரக்கணக்கான தெரு வியாபாரிகளை ஒரே வீச்சில் விரட்டியது. முறையான அனுமதி வைத்திருந்தவர்களையும் விடவில்லை. உயர் நீதிமன்றம் இதில் அவசரம் இல்லை என்று சொல்லிவிட்டது. அரசமைப்பு நீதிமன்றம் டிசம்பர் 5ஆம் தேதி வழக்கைக் கேட்டு, அன்றே அவர்களைப் பழைய இடத்துக்குத் திரும்ப அனுமதித்தது. 2014 ஏப்ரலில் வந்த விரிவான தீர்ப்பு, பிழைப்பு நின்றுபோன குடும்பங்களைவிட அவசரமானது என்ன இருக்கிறது என்ற நோக்கிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நம் நாட்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அமலுக்கு வந்தது அதே ஆண்டு மே 1ஆம் தேதி.

எங்கள் நடுவரின் தீர்ப்பு சுருக்கமானது. இடையூறு அடைந்த ஒருவரைக்கூட அரசுத் தரப்பு காட்டவில்லை, வரைபடமோ அளவோ இல்லை, தனிச் சாட்சி இல்லை. எதிரி உரிமம் கேட்டு விண்ணப்பித்ததும் அது முடிவெடுக்கப்படாமல் கிடப்பதும் பதிவேட்டால் தெளிவாகிறது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை, எதிரி விடுதலை. அலுவலர் சொன்ன பதிலையும் நடுவர் தீர்ப்பில் எழுதியிருந்தார். அந்த நகலை இணைத்து நகராட்சி ஆணையருக்கு நான் கொடுத்த மனுவின் பேரில், அடுத்த கணக்கெடுப்பில் என் கட்சிக்காரர் பெயர் ஏறியது, அடையாள அட்டை வந்தது. காணாமல் போன அடுப்புக்கும் சிலிண்டருக்கும் கல்லாவுக்கும் ஒரு ரூபாயும் வரவில்லை. கண்ணாடியை அவரே மாற்றிக்கொண்டார். வண்டி அதே தெருமுனையில், பூக்கடைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

இதைப் படிக்கிறவர்களிடம், முக்கியமாக இளம் வக்கீல்களிடம், ஒரு வேண்டுகோள். எஸ்.டி.சி. கட்டில் ஒரே தெரு வியாபாரியின் பெயர் மறுபடி மறுபடி வந்தால் அவரைக் கூப்பிட்டு, உரிமத்துக்கு விண்ணப்பித்தீர்களா, பதில் வந்ததா என்று கேளுங்கள். உங்கள் தெருவில் யாருடைய வண்டியையாவது தூக்கிப் போனால், பொருள் பட்டியல் எங்கே என்று அங்கேயே கேளுங்கள், போட்டோ எடுத்து வையுங்கள். வக்கீலுக்குக் காசில்லாதவர்களுக்கு நீதிமன்ற வளாகங்களில் சட்டப்பணிகள் குழு இருக்கிறது. தேசிய உதவி எண் 15100.